மாடி வாடகை யார் கைக்குப் போகிறது?

கேள்வி: ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டில் பெண்கள் மட்டும் உட்கார்ந்து ஒரு நாவலைச் சத்தமாகப் படித்துப் பேசுவோம். நான், மாமியார், நாத்தனார், காலேஜில் படிக்கும் என் மகள், மாடியில் குடியிருக்கும் டீச்சர். இந்த முறை ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. மகள் கங்கா கெட்டுப்போய் வந்து நின்றதும் அவள் அம்மா ஊரைக் கூட்டியதில் தப்பே இல்லை, எந்த அம்மாவும் அதைத்தான் செய்வாள் என்றார் மாமியார். கங்கா ஏன் அதையே நினைத்து வருஷக்கணக்கில் மருக வேண்டும் என்று கேட்டாள் மகள். இதற்குப் போய் விருதா என்றார் டீச்சர். நாத்தனார் ஒன்றுமே பேசாமல் பாதியில் எழுந்து போனார். அன்றிலிருந்து வேலைக்குப் போகிறார், வருகிறார், யாரோடும் பேச்சில்லை. அவருக்கு 46 வயது. இரண்டு மூன்று வரன் தட்டிப்போனதில் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. எங்கள்மேல் அவருக்கு அவ்வளவு பாசம். மாமனார் கட்டிய வீட்டுக்கு மேலே மாடி எடுத்தோமே, அந்த லோன்கூட இன்றுவரை அவர் சம்பளத்தில்தான் போகிறது. ஒரு கதைக்கா இவ்வளவு கோபம்? மனஸ்தாபம் வராத நல்ல குடும்ப நாவலாக ஒன்று சொல்லுங்கள்.

– ஒரு வாசகி, திருச்சி.

பதில்: நாவல் பெயர் எதுவும் இப்போது சொல்லப்போவதில்லை. மாடி லோன் நாத்தனார் சம்பளத்தில் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நாலு வரி முன்னால், மாடியில் டீச்சர் குடியிருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் மாடி வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது. அந்த வாடகை மாதாமாதம் யார் கைக்குப் போகிறது? நாத்தனார் கைக்குப் போனால், அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று காட்ட அதைத்தான் முதலில் எழுதியிருப்பீர்கள். எழுதவில்லை.

இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. ஊர் மாறும், உத்தியோகம் மாறும். சம்பாதிக்கிற பெண், தட்டிப்போன வரன்கள், அண்ணன் பிள்ளைகளின் ஃபீஸ், ஏதோ ஒரு லோன். ‘அவருக்கு இங்கே என்ன குறை’ என்ற வரி எல்லாக் கடிதத்திலும் இருக்கிறது. அதை எழுதுகிறவர் ஒருமுறைகூட அந்தப் பெண்ணாக இருந்ததில்லை.

இந்த நாவலுக்கு ஆளுக்கொரு அபிப்பிராயம் வருவதில் ஆச்சரியமே இல்லை. அது பிறந்ததே வாசகர் சண்டையில்தான். 1966-ல் ஆனந்த விகடனில் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை வந்தது. மழையில் காரில் ஏறிக் கெட்டுப்போய் வந்து நிற்கிற மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாயிட்டே என்று உள்ளே சேர்த்துக்கொள்கிறாள் அம்மா. இப்படியும் ஒரு அம்மா மன்னிப்பாளா என்று வாசகர்கள் பலர் கொதித்தார்கள். சரி, மன்னிக்காத அம்மாவாகவே இருக்கட்டும், அப்புறம் அந்தப் பெண் என்ன ஆவாள் என்று ஜெயகாந்தன் நாவலாக எழுதினார். அந்தப் பெண்தான் கங்கா. 1972-ல் சாகித்திய அகாடமி விருது கிடைத்தது அதற்குத்தான். டீச்சரிடம் இதைச் சொல்லுங்கள். கங்காவை மருகவைத்தது யார் என்று உங்கள் மகளும் தெரிந்துகொள்ளட்டும்.

உங்கள் மாமியார் மட்டும் புத்தகத்தை முடிக்காமல் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நாவலுக்குள்ளேயே கங்காவின் அம்மா அந்தச் சிறுகதையைப் படிக்கிற இடம் ஒன்று வருகிறது. அந்த அம்மா செய்ததைத் தான் செய்யாமல் போனோமே என்று அவள் உடைந்துபோகிறாள். ‘எந்த அம்மாவும் அதைத்தான் செய்வாள்’ என்று, கல்யாணமாகாத தன் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னாரே, அவர் அந்தப் பக்கத்தை அவசியம் படிக்க வேண்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். எழுந்து போனார் என்பதற்காக, கங்காவுக்கு நடந்தது ஏதோ நாத்தனாருக்கும் நடந்திருக்குமோ என்று அவர் முகத்தைத் துருவாதீர்கள். வீட்டில் அந்தப் பேச்சு எழுந்தால் அப்போதே அடக்குங்கள். அது அவருக்குச் செய்கிற பெரிய துரோகம்.

அவரைச் சுட்டது வேறாக இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. கங்காவை அண்ணன் வெளியே தள்ளுகிறான். மாமா சேர்த்துக்கொண்டு படிக்கவைக்கிறார். படிக்கவைத்த ஒரே காரணத்துக்காக அவள்மேல் தனக்குப் பாத்தியதை உண்டென்று நினைக்கிறார். அந்தக் கதையில் சோறு போட்டவர் உரிமை கொண்டாடுகிறார். உங்கள் வீட்டில் சோறு போடுகிறவருக்கு எந்த உரிமையும் இல்லை. மாடி யார் பெயரில் இருக்கிறது என்று அவர் கேட்டிருக்கிறாரா? கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

வரன் தட்டிப்போனது என்று ஒரே வார்த்தையில் தாண்டிப் போகிறீர்கள். தானாகத் தட்டியதா, யாராவது தட்டிவிட்டார்களா? ‘இவள் போய்விட்டால் லோனை யார் கட்டுவது’ என்று உங்கள் வீட்டுக் கூடத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அடுத்த ஜாதகத்தை வாங்கக் கிளம்பின ஆளும் இல்லை. நீங்கள் அந்த வீட்டு மருமகள். உங்கள் கல்யாணத்துக்குச் சீர் செய்தவர்கள் உங்கள் கூடப்பிறந்தவர்கள்தானே? அதே கடமை உங்கள் கணவருக்கும் உண்டு. அண்ணன் இருப்பது தங்கையைத் தாங்குவதற்கு. தங்கையின் சம்பளத்தில் மாடி எழுப்பி, வாடகையையும் வாங்கிக்கொள்கிறவரை நான் அண்ணன் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். கூட்டுக் குடும்பத்தை நான் நம்புகிறேன். நாத்தனார் தனியாகப் போக வேண்டும் என்று சொல்லவும் இல்லை. அவர் இருக்கிற இடம் அவருடையதாக இருக்க வேண்டும் என்கிறேன்.

வீடு மாமனார் தன் சம்பாத்தியத்தில் கட்டியது என்றால், உயில் எழுதாமல் அவர் காலமாகியிருந்தால், 1956-ம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சம பங்கு. கல்யாணம் ஆனதா ஆகாததா என்ற கேள்வியே அங்கே கிடையாது. குடியிருக்கிற வீட்டில் மகள் பங்கு பிரித்துக் கேட்க அன்றைக்கு ஒரு தடை இருந்தது. 2005 திருத்தத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆக, நாத்தனாருக்குக் கீழ்வீட்டிலும் பங்கு உண்டு. மேலே கட்டின மாடிக்கு அவர் தனியாகப் பணமும் கட்டிக்கொண்டிருக்கிறார். இதை உங்கள் கணவருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்து தெரிய வேண்டாம், நீங்களே சொல்லுங்கள்.

இந்த மாதமே கணவரும் மாமியாருமாக உட்கார்ந்து பேசுங்கள். வாரிசுச் சான்றிதழ் இல்லையென்றால் தாலுகா ஆபீஸில் மனுப் போடுங்கள். பாகப்பிரிவினையோ செட்டில்மெண்டோ, எது சரி என்று ஒரு பத்திர எழுத்தரிடமோ வக்கீலிடமோ கேட்டு, மாடி நாத்தனார் பெயருக்கு வரும்படி சார்பதிவாளர் ஆபீஸில் பதிவு செய்யுங்கள். அது முடிகிறவரை, டீச்சர் கொடுக்கிற வாடகை நேராக நாத்தனார் கையில் போய்ச் சேர வேண்டும். டீச்சரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், நாத்தனாரைச் சொல்ல வைக்காதீர்கள்.

அதற்குப் பிறகும் அவர் பேசாமல் இருந்தால் தொந்தரவு செய்யாதீர்கள். மீதிப் பாதியை ஞாயிற்றுக்கிழமை அவர் இல்லாமலே படித்து முடியுங்கள். புத்தகத்தை அலமாரியில் பூட்டிவைக்காமல் வெளியிலேயே வையுங்கள், எடுப்பதும் விடுவதும் அவர் இஷ்டம். பத்திரம் பதிவானதும் எனக்கு எழுதுங்கள். அடுத்த நாவல் பெயரை அப்போது சொல்கிறேன்.