சார்ஜர் மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: இந்த முறை ரீடிங் 520 யூனிட். 'செல்போன் சார்ஜரைப் பிளக்கிலேயே விட்டு வைக்கிறாய், அதான்' என்று என் கணவர் தினமும் என்னிடம் சண்டை. டி.வி.யை மட்டும் அவர் ரிமோட்டில்தான் அணைக்கிறார். யார் பக்கம் நியாயம்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் பக்கம்தான் அம்மா. போன் மாட்டாத சார்ஜரைத் தொட்டுப் பாருங்கள், ஜில்லென்று இருக்கும். சூடு இல்லையென்றால் அது குடிக்கிற கரண்டும் சொற்பம். புது டி.வி.கூடப் பெரிய குற்றவாளி இல்லை. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற செட்டாப் பாக்ஸைத்தான் பிடிக்க வேண்டும். ரிமோட்டில் அணைத்தால் விளக்கு நிறம் மாறும், அவ்வளவுதான். எங்கள் வீட்டுப் பெட்டியை அளந்தேன்: ஓடும்போது 9 வாட், 'அணைந்த' பிறகு 8 வாட்!

ஒரு வாட் இரண்டு மாதம் விடாமல் ஓடினால் 1.44 யூனிட். அந்த 8 வாட் மட்டுமே பதினொன்றரை யூனிட்டை விழுங்குகிறது.

முப்பது வருடம் வயர்மேனாக இருந்தவன் என்பதால் ஒரு வேலை சொல்கிறேன், செலவே இல்லை. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் அணையுங்கள். ஃபிரிட்ஜை ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். மற்றதை எப்போதும் விடுகிற மாதிரியே விட்டுவிட்டு மீட்டர் முன்னால் நில்லுங்கள். சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று போட்டிருக்கும். எங்கள் மீட்டரில் 3200. 25 நொடிக்கு ஒரு தடவை மினுக்கியது. அப்படியென்றால் மணிக்கு 144 மினுக்கல். அதை 3200-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 45 வாட். வீடே தூங்கும்போது 45 வாட்! இரண்டு மாதத்துக்கு 65 யூனிட்.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சுவிட்சை அணைத்துக்கொண்டே வந்தேன். செட்டாப் பாக்ஸ் 8. ஏ.சி.யை ரிமோட்டில் நிறுத்திவிட்டு மறந்துபோன ஸ்டெபிலைசர் 12 (தொட்டால் வெதுவெதுப்பு, காதை வைத்தால் ரீங்காரம்). கம்ப்யூட்டரும் ஸ்பீக்கரும் 6. மீதி இன்வெர்ட்டரும் மோடமும். இன்வெர்ட்டரை நான் தொடவில்லை, நீங்களும் தொட வேண்டாம். பேட்டரி சார்ஜ் குறைந்து கிடந்தால் கெட்டுப்போகும். மிச்சம் பிடிக்கிற காசு புது பேட்டரிக்கே போய்விடும்.

உங்களுக்கு இது வெறும் இருபது யூனிட் விஷயம் இல்லை. 500 யூனிட்டைத் தாண்டினால் இரண்டாவது நூறு யூனிட்டுக்கான சலுகை விலை போய்விடுகிறது. அதிலேயே இருநூறு ரூபாய்க்கு மேல் நஷ்டம். உங்கள் கணவரிடம் அதை மட்டும் சொல்லுங்கள், அவரே எழுந்து போய் சுவிட்சை அணைப்பார்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிளக்கில் அணைத்த பெட்டி மறுபடி படம் காட்ட ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். எங்கள் வீட்டில் சீரியலின் முதல் காட்சி போய்விட்டது என்று அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இப்போது சீரியலுக்கு ஐந்து நிமிடம் முன்னால் நானே போய்ப் போட்டுவிடுகிறேன்.

கேள்வி: சுவிட்ச் போர்டில் எரிகிற குட்டிச் சிவப்பு விளக்கு கரண்ட் இழுக்குமா?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: இழுக்கும், ஒரு வாட் கூட இல்லை. அதைக் கழற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடாதீர்கள். பகலெல்லாம் பிளக்கிலேயே கிடக்கிற கொசு மருந்து மெஷினை அணையுங்கள், அது சுமார் 5 வாட்.