மகனைக் கடற்படைக்கு அனுப்பலாமா?

கேள்வி: கட்டாய தேசிய சேவையை முடித்த என் மகன், கடற்படையிலேயே நிரந்தரமாகச் சேரப் போவதாகச் சொல்கிறான். பிரிட்டிஷார் காலத்தில் சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த என் அப்பா, மாலுமிகள் படும் பாட்டைக் கதை கதையாகச் சொல்லியிருக்கிறார். எனக்குச் சம்மதிக்க மனம் வரவில்லை.
- ஈசூன் வாசகி

பதில்: உங்கள் அப்பா மிகைப்படுத்தவில்லை, அம்மா. 1931இல் ஸ்காட்லாந்தின் இன்வர்கார்டனில் பிரிட்டிஷ் மாலுமிகளே சம்பள வெட்டை எதிர்த்துக் கப்பலைக் கிளப்ப மறுத்தார்கள். 1946 பிப்ரவரியில் பம்பாயில் 'தல்வார்' தளத்து இந்திய மாலுமிகள் கொதித்தெழ, வாயில் வைக்க முடியாத சாப்பாடும் அதிகாரிகளின் வசைச்சொற்களும் உடனடிக் காரணங்கள். அந்தக் காலம் போய்விட்டது. சோற்றுக்கும் மரியாதைக்கும் உங்கள் மகன் போராட வேண்டியிருக்காது.

இன்றைய சுமை வேறு. முன்பு நம் கடலைக் காத்த 55 மீட்டர் ரோந்துக் கப்பலில் சுமார் 30 பேர் இருந்தார்கள். அதற்குப் பதிலாக 2017 முதல் வந்த 'இண்டிபெண்டன்ஸ்' வகைக் கப்பலின் நீளம் 80 மீட்டர்; அடிப்படைக் குழுவோ 23 பேர்தான். கப்பலைச் செலுத்துவது, எதிரியைக் கண்காணிப்பது, எந்திரத்தைக் கவனிப்பது ஆகிய மூன்றையும் ஒரே கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். தொழில்நுட்பம் அருமையானதுதான். ஆனால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அவர் வேலை மற்றவர் தலையில் விழும். தூக்கமும் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். அலுப்பை நான் சாதாரணமாக நினைக்க மாட்டேன்.

ஆபத்து போரில் மட்டும்தான் வரும் என்பதும் இல்லை. 2003 ஜனவரி 3ஆம் தேதி இரவு, பெட்ரா பிராங்கா தீவு அருகே 'கரேஜியஸ்' கப்பல் சரக்குக் கப்பலுடன் மோதியதில் நம் கடற்படைப் பெண்கள் நால்வர் உயிரிழந்தார்கள். இதை உங்களிடம் மறைப்பது நியாயமாகாது.

இத்தனைக்குப் பிறகும், உங்கள் மகனைத் தடுக்காதீர்கள் என்றே சொல்வேன். தேசிய சேவையில் சீருடை வாழ்க்கையைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார், விளையாட்டுப் பேச்சல்ல. ஆனால் கையெழுத்திடும் முன் சிலவற்றைக் கேட்டறியச் சொல்லுங்கள். எந்திரப் பிரிவா, ஆயுதப் பிரிவா? ஆண்டில் எத்தனை வாரம் கடலில்? நீர்மூழ்கிக்குப் போனால் கைத்தொலைபேசியை மறந்துவிட வேண்டும். அதற்கு அவர் தயாரா? படிப்புச் செலவைக் கடற்படை ஏற்றால் எத்தனை ஆண்டு ஒப்பந்தம், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்? இந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலை மட்டும் வாய்வார்த்தையாக ஏற்காமல், எழுத்தில் வாங்கி, நீங்களும் உடன் அமர்ந்து படியுங்கள்.