சம்பளம் கேட்ட பெரியம்மா

அன்புள்ள அக்கா,

போன வாரம் நண்பர் ஒருவர் சென்னைப் புறநகரில் ஒரு வாடகை வீட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே நான்கு பெண்கள் சேர்ந்து இருக்கிறார்கள். நான்கு பேருமே மனநோயோடு பல வருடம் தெருவில் கிடந்தவர்களாம். வத்தக்குழம்பு வைத்துச் சாப்பாடு போட்டார்கள். ஒரு பெரியம்மா என் சம்பளத்தைக் கேட்டார், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றும் கேட்டார். வந்ததிலிருந்து என் கவலைகள் அற்பமாகத் தெரிகின்றன, இருப்பதே போதும் என்று தோன்றுகிறது. இந்த மனசு நிலைக்குமா?

ஒரு வாசகர், குரோம்பேட்டை

அன்புள்ள தம்பி,

நிலைக்காது. அடுத்த இஎம்ஐ தேதி வரைக்கும் தாங்கினால் அதிகம். அவர்கள் பட்ட பாட்டை நினைத்து நாம் நிம்மதி தேடிக்கொள்வது எனக்கு உவப்பாகவும் இல்லை.

ஆனால் அந்தப் பெரியம்மா சம்பளம் கேட்டதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் கேட்கிற உரிமையோடு கேட்டிருக்கிறார். அதே மனுஷியைச் சில வருடம் முன்னால் சென்ட்ரல் வாசலில் சடைபிடித்த தலையோடு பார்த்திருந்தால், அவருக்குக் குழம்பு வைக்கத் தெரியும், அடுத்தவர் பிள்ளையின் கல்யாணத்தைப் பற்றிக் கவலைப்படுவார் என்றெல்லாம் நமக்குத் தோன்றியிருக்குமா? சுற்றிக்கொண்டு போயிருப்போம். தெருவில் இருப்பவர்களுக்கு முன்கதையும் இல்லை பின்கதையும் இல்லை என்றுதான் நாம் எல்லோரும் பழகியிருக்கிறோம்.

நடுவில் நடந்தது அதிசயம் எதுவும் இல்லை. வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993ல் சென்னையில் தொடங்கிய பான்யன் அமைப்பு, இப்படிப்பட்ட பெண்களுக்கு அடைக்கலமும் சிகிச்சையும் கொடுத்தது. பலர் தேறி ஊருக்குத் திரும்பினார்கள். சிலருக்குப் போக இடமில்லை, குடும்பம் ஏற்கவில்லை, தேறிய பிறகும் இல்லத்திலேயே வருடக்கணக்கில் தங்கிவிட்டார்கள். அவர்களுக்காக 2015ல் 'ஹோம் அகைன்' என்று ஆரம்பித்தார்கள்: சாதாரணத் தெருவில் ஒரு வீடு, நாலைந்து பேர், உதவிக்கு ஒருவர், தொடர்ந்து மருத்துவம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நீங்கள் போனதும் அதே மாதிரியான வீடுதான்.

2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. வீடில்லை, குடும்பம் சேர்க்கவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் யாரையும் மனநல நிறுவனத்தில் வைத்திருக்கக் கூடாது, சமூகத்தோடு சேர்ந்து வாழ்வது அவர்கள் உரிமை. சட்டம் சொல்லிவிட்டது, சரி, ஆனால் வீட்டைக் கொடுக்க வேண்டியது யார்? வாடகைக்கு விடுகிற நம்மைப் போன்றவர்கள்தானே. தனியாக இருக்கும் பெண்கள் என்றாலே யோசிக்கிற ஓனர்கள், மனநோய் இருந்தது என்று தெரிந்தால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட மாட்டார்களா?

அதனால் உங்கள் மனசைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் தம்பி. உங்கள் தெருவிலோ அபார்ட்மென்ட்டிலோ இப்படி நாலு பேருக்கு வீடு கேட்டு யாராவது வந்தால், அசோசியேஷன் கூட்டத்தில் மற்றவர்கள் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் எழுந்து "கொடுக்கலாம்" என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா