விருந்தாளிக்குக் கோவிட்: வீட்டுக்காரர் வெளியே போகச் சொல்லலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் கேமரன் மலை ரிங்லெட்டில் இருக்கிறோம். மாமனார் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, இபிஎஃப் பணத்தில் வாங்கிய தரை வீடு. முன்பக்கம் மூன்று அறைகளை விடுமுறைக்கு வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறோம். பின்பக்கம் நாங்களும் மாமியாரும். மாமியாருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். சமையலறை எல்லாருக்கும் பொது.

போன பள்ளி விடுமுறையில் கோலாலம்பூர் குடும்பம் ஒன்று மூன்று இரவுக்கு எடுத்தது. இரவுக்கு 250 ரிங்கிட், டெபாசிட் 200. வாட்ஸ்அப்பில் 8 பேர் என்று பேசினோம். 14 பேர் வந்து இறங்கினார்கள். கூடுதல் ஆறு பேருக்கு ஆளுக்கு 20 வாங்கிக்கொண்டேன். மறுநாள் காலை சமையலறைக் குப்பைத் தொட்டியில் இரண்டு கோடு விழுந்த டெஸ்ட் கிட் கிடந்தது. கேட்டதற்கு, “கோவிட்தான், சளி மாதிரி. அரசாங்கமே விட்டுவிட்டது, நீங்கள் யார் கேட்க?” என்றார் அந்தக் குடும்பத் தலைவர். காய்ச்சல், இருமல் உள்ளவர்கள் தங்கக்கூடாது, சமையலறையில் முகக்கவசம் கட்டாயம், மீறினால் டெபாசிட் கிடையாது என்று கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறோம். போகச் சொன்னேன், மறுத்தார்கள். கடைசியில் என் கணவர் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். இரவு பத்து மணிக்குப் பிள்ளைகளோடு அடிவாரத்துத் தாப்பா நகருக்கு இறங்கிப் போனார்கள். என் மகன் அவர்களுடைய ஐசி (அடையாள அட்டை) படத்தை ஹோம்ஸ்டேகாரர்கள் வாட்ஸ்அப் குழுவில் “கோவிட் குடும்பம், ஜாக்கிரதை” என்று போட்டுவிட்டான்.

இப்போது வாடகை, கூடுதல் பணம், டெபாசிட், தாப்பா ஹோட்டல் செலவு 260 எல்லாம் சேர்த்து 1,330 ரிங்கிட் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. தராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் போவார்களாம். நான் கட்ட வேண்டுமா? நோயாளியை வெளியே அனுப்ப எனக்கு உரிமை இல்லையா?

பதில்: வணக்கம் அம்மா. முதலில் மகனிடம் சொல்லி அந்தப் படத்தை இன்றைக்கே நீக்குங்கள். குழுவில் வேறு யாரும் அதைப் பகிர்ந்திருந்தால் அவர்களையும் நீக்கச் சொல்லுங்கள். காரணத்துக்குப் பிறகு வருகிறேன். 1,330 ரிங்கிட்டைவிட அந்தப் படம்தான் எனக்குக் கவலை.

போகச் சொன்னதில் தவறில்லை. போக வைத்த விதத்தில்தான் மாட்டிக்கொண்டீர்கள்.

“அரசாங்கமே விட்டுவிட்டது” என்று அவர் சொன்னது பாதி உண்மை. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையோடு தொடங்கிய எஸ்ஓபிகள், அதாவது கோவிட் நடைமுறை விதிகள், ஒவ்வொன்றாகப் போய்விட்டன. 2022 ஏப்ரல் 1 முதல் நாடு எண்டெமிக் கட்டத்துக்கு, அதாவது நோயோடு வாழப் பழகும் கட்டத்துக்கு, மாறியது. 2023 ஜூலையில் பொதுப் போக்குவரத்தில்கூட முகக்கவசக் கட்டாயம் போய்விட்டது. 10,000 ரிங்கிட் காம்பவுண்டு அபராதம் என்று எல்லாரையும் நடுங்க வைத்த 2021ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டமும் இப்போது இல்லை.

ஆனால் அந்த எஸ்ஓபிகளுக்கெல்லாம் அடியில் இருந்த சட்டம் அப்படியே இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், அதாவது சட்டம் 342. அதன் 12ஆவது பிரிவைப் பாருங்கள். தனக்குத் தொற்றுநோய் இருக்கிறது என்று தெரிந்தவரோ, அப்படி நம்பக் காரணம் உள்ளவரோ, பொது இடத்திலும், தன் குடும்பத்தார் அல்லாதவர்களும் சேர்ந்து புழங்கும் இடத்திலும் இருந்து பிறருக்கு நோய் பரவும் ஆபத்தை உண்டாக்கக்கூடாது. உங்கள் சமையலறை அப்படிப்பட்ட இடம்தான். இரண்டு கோட்டைப் பார்த்துவிட்டு, கிட்டை அங்கேயே குப்பையில் போட்டுவிட்டு, அதே அடுப்பில் மேகி கிண்டினால் இந்தப் பிரிவுக்குள் வந்துவிடுவார்கள். தண்டனைச் சட்டத்தின் 269ஆவது பிரிவும் கவனக்குறைவாக நோய் பரப்புவதைக் குற்றம் என்கிறது. ஆறு மாதம் வரை சிறை. இதெல்லாம் ஏட்டோடு நின்றுவிடும் சட்டமும் அல்ல. 2020 ஆகஸ்டில், சிவகங்கை போய்விட்டு வந்து வீட்டுத் தனிமை உத்தரவை மீறிய கெடா உணவகக்காரருக்கு அலோர் ஸ்டார் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் ஐந்து மாதச் சிறையும் 12,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது பலருக்கு நினைவிருக்கும்.

சரி, இந்தப் பிரிவுகளை நடைமுறைப்படுத்துவது யார்? சுகாதார அதிகாரியும் போலீசும். நீங்கள் அல்ல. சட்டம் 342 உங்கள் கையில் அதிகாரம் எதையும் தரவில்லை, கடமை ஒன்றைத்தான் தருகிறது. 10ஆவது பிரிவின்படி, தங்கும் விடுதியை நடத்துபவர் அங்கே தங்கியிருப்பவருக்குத் தொற்றுநோய் என்று அறிந்தால், அல்லது நம்பக் காரணம் இருந்தால், உடனே தெரிவிக்க வேண்டும். மாவட்டச் சுகாதார அலுவலகம், அரசாங்க மருத்துவமனை, போலீஸ் நிலையம், எதுவானாலும் சரி. மூன்று அறைதானே, இது விடுதியா என்று கேட்பீர்கள். அந்த வாதத்தை நான் நம்பி இறங்க மாட்டேன். சாதாரண வீட்டில் இருக்கும் வயது வந்தவர்களுக்கும் அதே பிரிவில் கடமை உண்டு. தானா ராத்தாவில் இருக்கும் சுகாதார அலுவலகத்துக்கு அன்று காலையே ஒரு போன் போட்டிருந்தால், இன்று அந்தக் கடிதத்துக்கு எதிராக உங்கள் கையில் இருக்கும் மிக நல்ல சாட்சியம் அதுதான். இனிமேல் கிட்டைக் கண்டால் முதல் போன் அங்கே. யாரிடம், எத்தனை மணிக்குப் பேசினீர்கள் என்று எழுதி வையுங்கள்.

அடுத்து உங்கள் வீட்டு விதிகள். அரசு விதி இல்லாத இடத்தில் ஒப்பந்தம்தான் பேசும். உங்கள் வீட்டில் முகக்கவசம் போட வேண்டும், காய்ச்சலோடு வரக்கூடாது என்று நிபந்தனை வைக்க உங்களுக்குத் தாராளமாக உரிமை உண்டு. ஆனால் எப்போது சொன்னீர்கள்? பணம் வாங்கிய பிறகு, கதவுக்குப் பின்னால். 1949இல் இங்கிலாந்தில் மார்ல்பரோ கோர்ட் என்ற ஹோட்டல் இதே மாதிரி அறைக்குள் ஓர் அறிவிப்பை மாட்டி வைத்திருந்தது: பொருள் திருடு போனால் நாங்கள் பொறுப்பில்லை என்று. அங்கே தங்கியிருந்த அம்மாளின் ஃபர் மேலங்கி திருடு போனது. முன்மேசையில் பணம் கட்டியபோதே ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அறைக்குள் போய்ப் பார்க்கும் காகிதம் அதில் சேராது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் நீதிமன்றங்களிலும் இதே கொள்கைதான். ஆகவே ‘டெபாசிட் கிடையாது’ என்ற உங்கள் வரி நிற்காது.

எட்டுப் பேர் என்பது வாட்ஸ்அப்பில், பணத்துக்கு முன்பே பேசியது. அது நல்ல பிடி. அதையும் 120 ரிங்கிட்டுக்கு விற்றுவிட்டீர்கள். ஆறு பேருக்குக் காசு வாங்கிக்கொண்டு, பிறகு ஆள் அதிகம் என்று சொன்னால் தீர்ப்பாயத் தலைவர் சிரிப்பார்.

இப்போது மெயின் சுவிட்ச். வாடகைக்குக் குடியிருப்பவர் என்றால், காலம் முடிந்த பிறகும் நீதிமன்றம் போகாமல் வெளியேற்ற முடியாது. குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 1950, 7(2) பிரிவு அப்படிச் சொல்கிறது. உங்கள் விருந்தாளிகள் அந்த வகையில் சேரமாட்டார்கள். 2020 அக்டோபரில் கோலாலம்பூர் மொன் கியாராவின் வெர்வ் சூட்ஸ் அடுக்குமாடி வழக்கில், இப்படிக் குறுகிய காலம் தங்க விடுவது குடிவாடகை அல்ல, வெறும் உரிமம், அதாவது தங்கிக்கொள்ளும் அனுமதிதான் என்று கூட்டரசு நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. (அதே தீர்ப்பு, அடுக்குமாடி நிர்வாகக் குழு குறுகிய கால வாடகையைத் தடை செய்யலாம் என்றும் சொன்னது. உங்களுடையது தரை வீடு, அந்தத் தொல்லை இல்லை. பிரிஞ்சாங்கில் அபார்ட்மெண்ட் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்.) உரிமம் என்றால், தக்க காரணம் இருந்தால் அதை முடிக்கலாம், நீதிமன்ற ஆணை தேவையில்லை. டயாலிசிஸ் நோயாளி இருக்கும் வீட்டில், கோவிட்டை மறைத்துப் பொதுச் சமையலறையில் நடமாடியது தக்க காரணம் என்றே நான் வாதாடுவேன்.

ஆனால் உரிமத்தை முடித்தால் சாமான் கட்டிப் புறப்பட நியாயமான நேரம் தர வேண்டும். கரண்டை நிறுத்துவது, தண்ணீரை மூடுவது, வாசலில் வழி மறிப்பது, ஐசியைப் பிடித்து வைத்துக்கொள்வது, எதுவும் கூடாது. பனி இறங்கிய ராத்திரியில், காய்ச்சல் பிள்ளைகளோடு, ரிங்லெட்டில் இருந்து தாப்பா வரைக்கும் அந்த வளைவுகளில் இறங்க விட்டீர்கள் என்பதைத்தான் அவர்கள் முதலில் சொல்வார்கள். யார் கேட்டாலும் மனம் அந்தப் பக்கம்தான் சாயும். உங்கள் கணவருக்குத் தன் தாயைப் பற்றிய பயம் என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தச் சுவிட்ச்தான் இந்த விவகாரத்தில் உங்களுக்கு எதிரான பெரிய சாட்சியம்.

காலையிலேயே இப்படி ஒரு வாட்ஸ்அப் போயிருக்க வேண்டும்: “வீட்டில் கடுமையான நோயாளி இருப்பதால் நீங்கள் தொடர்ந்து தங்க முடியாது. சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டோம். நாளை மதியம் 12 மணிக்குள் காலி செய்யுங்கள், மீதி இரவுக்கான பணம் திரும்பத் தருகிறோம். அதுவரை சமையலறைக்கு வர வேண்டாம், சாப்பாடு வாசலில் வைக்கிறோம்.” அதற்கும் அசையாமல் சண்டைக்கு வந்தால் போலீஸ் ரிப்போர்ட். போகாமல் உட்கார்ந்திருப்பது மட்டுமே குற்றமாகிவிடாது. மிரட்டவோ அவமானப்படுத்தவோ தொல்லை தரவோ வேண்டும் என்றே இருந்தால்தான் அத்துமீறல். அதனால் போலீஸ் வந்து “இது சிவில் விவகாரம்” என்று சொல்லிவிட்டுப் போனால் ஆச்சரியப்படாதீர்கள். ரிப்போர்ட் எண் இருப்பதே போதும்.

பணக் கணக்குக்கு வருவோம். வாடகை 750, கூடுதல் 120, மொத்தம் 870. முதல் இரவு தங்கியதற்கான 290 உங்களுடையது. மீதி இரண்டு இரவுக்கு 580. டெபாசிட் 200. பொருள் எதுவும் உடையவில்லை என்றால் டெபாசிட்டைத் தண்டனையாகப் பிடிக்க முடியாது. ஒப்பந்தச் சட்டம் 1950இன் 75ஆவது பிரிவில் கிடைப்பது நியாயமான இழப்பீடு மட்டுமே. கியூபிக் எலக்ட்ரானிக்ஸ் என்ற வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு இழப்பைச் சென்ட் சென்ட்டாக நிரூபிக்கத் தேவையில்லை என்றாலும், அதற்கு முதலில் ஒப்பந்தத்தில் செல்லுபடியாகும் வரி இருக்க வேண்டும். உங்களிடம் இல்லை. அறைகளைக் கிருமி நீக்கம் செய்ய ஆள் வைத்து ரசீது வாங்கியிருந்தால் அதைக் கழிக்கக் கேட்கலாம். தாப்பா ஹோட்டல் 260 இரண்டு பக்கமும் வாதாடக்கூடியது. கரண்டை நிறுத்தாமல் இருந்திருந்தால் ஒரு காசு தரவேண்டாம் என்றிருப்பேன்.

என் ஆலோசனை: 780 ரிங்கிட் தருவதாக எழுதுங்கள். ‘உரிமை பாதிக்கப்படாமல்’ (இதைத் தவறை ஒப்புக்கொண்டதாக எடுக்கக்கூடாது என்று பொருள்) என்று தலைப்பிலும், ‘முழு, இறுதித் தீர்வாக’ என்று உள்ளேயும் இருக்கட்டும். ஹோட்டல் செலவில் பாதி கேட்டுப் பிடிவாதம் பிடித்தால் கொடுத்து முடித்துவிடுங்கள். கௌரவத்துக்காக 130 ரிங்கிட்டில் வழக்கு நடத்தும் ஆட்களை நான் நிறையப் பார்த்தாயிற்று.

ஒத்துக்கொள்ளாமல் தீர்ப்பாயம் போனால் பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். அவர்களுக்கு மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். 50,000 ரிங்கிட் வரை அங்கே கேட்கலாம். வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது, நீங்களேதான் பேச வேண்டும். நோட்டீசைப் பிரிக்காமல் டிராயரில் போட்டுவிட்டு, நீங்கள் இல்லாமலே தீர்ப்பு வந்த பிறகு என்னிடம் ஓடி வருபவர்கள் உண்டு. தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அதுவே குற்றம். வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் தேதியோடு அச்செடுங்கள், மாமியாரின் டயாலிசிஸ் அட்டையின் நகல், தொட்டியில் கிடந்த கிட்டைப் படம் எடுத்திருந்தால் அது எல்லாம் கொண்டுபோங்கள்.

அந்த ஐசி படம். நீங்கள் காசு வாங்கிச் செய்யும் தொழிலில் கிடைத்த தகவல் அது, ஆகவே 2010ஆம் ஆண்டின் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் பாயும். ஒருவரின் உடல்நலம் பற்றிய செய்தியை அந்தச் சட்டம் இன்னும் கண்டிப்பாக, வெளிப்படையான சம்மதம் இல்லாமல் தொடக்கூடாத தகவலாக வைத்திருக்கிறது. பெயர், ஐசி எண், நோய் மூன்றையும் ஒரே படத்தில் நூறு பேருக்கு அனுப்பினால் என்ன சொல்வது? கடிதத்தில் அவர்கள் இதைக் கிளப்பவில்லை என்பதால், பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். கிளப்பினால் 1,330 எல்லாம் சில்லறை. உங்கள் பதில் கடிதத்தில் இதை இழுக்காதீர்கள். அவர்களாகக் கேட்டால் நீக்கிவிட்டோம், வருந்துகிறோம் என்று எழுதுங்கள்.

அடுத்த விடுமுறைக்குள் விதிகளை மாற்றி எழுதுங்கள். தமிழில் மட்டும் போதாது, மலாயிலும் ஆங்கிலத்திலும். முன்பணம் வாங்குவதற்கு முன் அனுப்பி, ‘சம்மதம்’ என்று பதில் வந்த பிறகே வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுங்கள். உள்ளே இவ்வளவு இருந்தால் போதும்: வீட்டில் நோயாளி இருக்கிறார், காய்ச்சல், இருமல் இருந்தால் வரும் நாளுக்கு முன் சொன்னால் முழுப் பணமும் திரும்பும், தங்கும்போது கோவிட் அல்லது வேறு தொற்றுநோய் தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும், நாங்கள் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிப்போம், மறுநாள் மதியத்துக்குள் காலி செய்யச் சொல்லலாம், தங்காத இரவுகளுக்குப் பணம் திரும்பும், மறைத்தால் கிருமி நீக்கச் செலவு டெபாசிட்டில் கழியும். முழுப் பணமும் திரும்பும் என்ற வரியைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். பணம் போய்விடுமே என்றுதான் ஜனங்கள் காய்ச்சலை மறைத்துக்கொண்டு மலை ஏறுகிறார்கள். ஆள் எண்ணிக்கைக்கு மேல் வந்தால், கூடுதல் காசு வாங்கவே வாங்காதீர்கள்.

முடிந்தால் முன்பக்கத்துக்கு ஒரு சிங்க்கும் கேஸ் அடுப்பும் தனியாக வைத்துவிடுங்கள். அப்புறம், இந்த வாடகைத் தொழிலுக்குக் கேமரன் மலை மாவட்ட மன்றத்தின் உரிமம் வேண்டுமா, உங்களிடம் இருக்கிறதா என்பதைத் தீர்ப்பாயத்துக்குப் போவதற்கு முன் நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு அதை முதலில் கேட்டுவிடக்கூடாது.