கெரட்டினுக்கு முன் ஒரு கேத்தில் தண்ணீர்

கேள்வி: அக்கா, அண்ணாவின் திருமணத்துக்காக ஒரு பியூட்டி பார்லரில் முடியைச் சாம்பல் கலந்த பழுப்பு நிறமாக்கினேன். முதல் தடவை நிறம் சரிவராததால் அன்றே இரண்டாவது தடவையும் பிளீச் செய்தார்கள். இப்போது முடி தும்புத்தடிபோல இருக்கிறது. சீப்பு வைத்தால் அறுகிறது. கெரட்டின் செய்தால் பழையபடி வந்துவிடும் என்று 28,000 ரூபா கேட்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: செய்யாதீர்கள் தங்கச்சி. பழையபடி வராது.

தலைக்கு வெளியே வந்துவிட்ட முடிக்கு உயிர் இல்லை. தோலில் பட்ட காயம்போல அது ஆறாது. பிளீச்சில் உள்ள ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் பெர்சல்பேட்டும் கறுப்பு நிறமியைக் கரைக்கும்போதே, முடியின் புரதத்தைக் கட்டி வைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளையும் உடைத்துவிடுகின்றன. முடியின்மேல் இயற்கையாக இருக்கும் மெல்லிய கொழுப்புப் படையும் போய்விடுகிறது. அதனால்தான் உங்கள் முடி தண்ணீரை மளமளவென்று உறிஞ்சுகிறது, காய நேரம் எடுக்கிறது, சிக்குகிறது.

நனைந்த முடி ஒன்றை இரண்டு விரல்களுக்கிடையில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல முடி சற்று நீண்டு, விட்டதும் சுருங்கும். சுவிங்கம்போல நீண்டு அப்படியே நின்றாலோ, இழுத்தவுடன் அறுந்தாலோ, அதற்கு மேல் எந்த இரசாயனத்தையும் அது தாங்காது. கெரட்டின் என்று பார்லர்களில் செய்வதில் முடியை 200 பாகை செல்சியஸ் அளவு சூட்டில் அழுத்தி இழுப்பார்கள். பளபளப்பு வரும், சில மாதங்களில் போய்விடும். சூடு செய்த சேதம் போகாது. அவற்றில் சில போர்மல்டிஹைட் என்ற நச்சு வாயுவை வெளிவிடுபவை. கண் எரிகிறது என்று சொன்னால் "அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். எரியக் கூடாது.

இனி, பார்லரில் யாரும் சொல்லாத ஒன்று: உங்கள் கிணறு. உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருக்கிறதல்லவா? நம் யாழ்ப்பாணத்து நிலத்தடி முழுக்கச் சுண்ணாம்புக்கல். கிணற்று நீரில் கல்சியம் அதிகம். பிளீச் செய்த முடி அந்தக் கல்சியத்தைச் சாதாரண முடியைவிடக் கூடுதலாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கில் கொடுத்துக் கிறீம் வாங்கினாலும் சொரசொரப்புப் போகாததற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு கேத்தில் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். படிவு அடியில் தங்கியதும் மேல்தண்ணீரை மட்டும் வடித்தெடுத்து, கடைசியாகத் தலையை அலசுங்கள். மாரியில் மழைத்தண்ணீர் பிடித்து வைத்தால் அந்த வேலையும் மிச்சம். தேசிக்காய்ச் சாற்றை நேரடியாகப் பிழியாதீர்கள். பிளீச் தலையோட்டுத் தோலைப் புண்ணாக்கியிருந்தால் எரிச்சலில் உயிர் போகும். அரப்பும் சீயாக்காயும்கூட இப்போதைக்கு வேண்டாம், வறட்டிவிடும்.

காசு செலவழிப்பதென்றால் கொண்டிஷனரில் செலவழியுங்கள். போத்தலின் முன்பக்கப் படத்தை விடுங்கள், பின்னால் திருப்புங்கள். பட்டியலின் முதல் சில பெயர்களுக்குள் பெஹென்ட்ரைமோனியம் குளோரைட் அல்லது செட்ரைமோனியம் குளோரைட் இருக்க வேண்டும். அமோடைமெதிகோன் இருந்தால் இன்னும் நல்லது. இவை சேதமடைந்த இடங்களில் தேடி ஒட்டிக்கொள்பவை. விலை குறைந்த போத்தலிலும் இவை இருக்கும். முதல்நாள் இரவே தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டு மறுநாள் முழுகுங்கள். தேங்காயெண்ணெய் முடிக்குள் ஊறும். கழுவும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கும். இதில் அம்மம்மா சொன்னது சரி.

முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர்தான் வளரும். உங்களுடையது 30 சென்ரிமீற்றர் என்றால் முழுவதும் புதிதாக வர இரண்டரை வருடம். நுனியை அவ்வப்போது வெட்டிக்கொண்டே வாருங்கள்.

பார்லரைச் சும்மா விட வேண்டியதில்லை. கட்டணம் வாங்கிச் செய்யும் சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டத்தில் இருக்கிறது. பற்றுச்சீட்டு தரவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள். முடியைப் படமெடுத்து, அறுந்த கற்றையை ஒரு உறையில் போட்டு வையுங்கள். முதலில் கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். அசையவில்லையென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை 1977 என்ற இலக்கத்தில் அழையுங்கள். முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தவணை தப்ப விடாதீர்கள்.

கேள்வி: பிளீச் செய்த முடிக்கு முட்டை பூசினால் புரதம் ஏறுமா?
– வாசகி, சுன்னாகம்

பதில்: ஏறாது. முட்டைப் புரதம் முடிக்குள் போகிற அளவுக்குச் சிறியதல்ல. ஏற்கெனவே பூசிக்கொண்டுதான் எழுதுகிறீர்கள் என்றால் சுடுதண்ணீர் விடாதீர்கள், தலையிலேயே அவிந்துவிடும். பச்சைத்தண்ணீரில் கழுவுங்கள்.