வாட்ஸ்அப்பில் போட்ட ‘ஓகே’க்கு 59,000 ரூபாயா?

கேள்வி: ஈரோடு பக்கம் வீட்டிலேயே சத்துமாவு, சிறுதானிய மாவு அரைத்து விற்கிறேன். ஆரம்பித்து மூன்று மாதம்தான் ஆகிறது. உத்யம் (சிறுதொழில் பதிவு), ஜிஎஸ்டி இரண்டும் எடுத்த சில நாளிலேயே ஒரு போன் வந்தது. “கூகுளிலிருந்து பேசுகிறோம், உங்கள் கடையைச் சரிபார்க்காவிட்டால் மேப்பிலிருந்து நீக்கிவிடுவோம்” என்றார்கள். ஜிஎஸ்டியோடு சேர்த்து 5,900 ரூபாயை யுபிஐயில் கட்டினேன். வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃபைப் படிக்காமல் ‘ஓகே’ என்று போட்டுவிட்டேன். மறுநாள் நேரில் வந்த பையனிடம், ‘செக்யூரிட்டிக்கு’ என்று கேட்டதால், கையெழுத்து மட்டும் போட்ட செக் ஒன்றையும் கொடுத்தேன். அடுத்த மாதம் தானாகவே இன்னொரு 5,900 போய்விட்டது. நிறுத்தச் சொன்னால், 12 மாத ஒப்பந்தம், மீதி 59,000 ரூபாயை 15 நாளில் கட்ட வேண்டும் என்று டெல்லியிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஆறு நாள் ஓடிவிட்டது. போலீஸ் வருமா? கட்டிவிடுவதுதான் நல்லதா?
— ஒரு வாசகி

பதில்: கட்ட வேண்டாம். போலீஸும் வராது. ஒப்பந்தப்படி பணம் தரவில்லை என்பது சிவில் விவகாரம். அதற்காகப் போலீஸ் யாரையும் கைது செய்ய முடியாது. வக்கீல் நோட்டீஸ் என்பது எதிர்த்தரப்பின் கடிதம், நீதிமன்ற உத்தரவு ஆகாது. ஆனால் நீங்கள் பயப்பட வேண்டிய இடம் வேறொன்று இருக்கிறது. நோட்டீஸைவிட, அந்தப் பையன் வாங்கிப் போன செக்தான் ஆபத்து.

பூர்த்தி செய்யாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், வாங்கியவர் தொகையையும் தேதியையும் எழுதி வங்கியில் போடலாம். பணம் இல்லாமல் திரும்பினால் செலாவணி முறிச்சட்டத்தின் 138-வது பிரிவில் கிரிமினல் வழக்கு. ‘வெற்று செக்தானே கொடுத்தேன்’ என்பது மட்டும் தற்காப்பு ஆகாது. கையெழுத்தை ஒப்புக்கொண்டாலே, கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்று 139-வது பிரிவு அனுமானித்துக்கொள்ளும் என 2019-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அந்த அனுமானத்தை உடைக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது. இன்னொரு சிக்கலும் உண்டு. செக்கை எடுத்துக்கொள்ளும் நிறுவனத்தின் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அங்கேதான் வழக்குப் போடுவார்கள். 2015 திருத்தத்துக்குப் பிறகு சட்டம் அப்படித்தான். வழக்கில் நீங்கள் ஜெயித்தாலும் டெல்லிக்குப் போய் வரும் செலவில் பாதித் தொகை கரைந்துவிடும். அவர்கள் கணக்குப் போடுவதும் இதை வைத்துத்தான்.

அதனால் நாளைக் காலை முதல் வேலை வங்கிக் கிளை. செக் புத்தகத்தின் அடிக்கட்டையில் அந்த 6 இலக்க எண்ணைப் பார்த்து, ‘ஸ்டாப் பேமென்ட்’ (இந்த செக்குக்குப் பணம் தர வேண்டாம் என்ற உத்தரவு) எழுத்து மூலம் கொடுங்கள். காரணத்தையும் எழுதுங்கள்: “பொய்யான தகவல் சொல்லிப் பெறப்பட்ட, பூர்த்தி செய்யப்படாத செக்; இதற்கு எதிராக எந்தக் கடனும் இல்லை.” நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் கணக்கில் 59,000 ரூபாய்க்குக் குறையாமல் இருப்பு வைத்திருங்கள். ஸ்டாப் பேமென்ட் செய்த செக்குக்கும் 138 வழக்கு வரலாம். ஆனால் கணக்கில் பணம் இருந்தது, நிறுத்தியதற்கு நியாயமான காரணமும் இருந்தது என்று காட்டினால் உங்கள் தரப்பு பலமாக நிற்கும். செக் திரும்பியதாக நோட்டீஸ் வந்தால் அது இப்போது வந்திருக்கும் நோட்டீஸைப் போன்றது இல்லை. 15 நாளுக்குள் வக்கீல் மூலம் கட்டாயம் பதில் போக வேண்டும்.

இரண்டாவது, அந்தத் தானியங்கிப் பிடித்தம். ‘சரிபார்ப்பு’ என்று சொல்லி உங்களிடம் யுபிஐ பின்னைப் போட வைத்திருப்பார்கள். அப்போதே ஆட்டோபே அனுமதி போய்விட்டது. பணம் வாங்கவோ சரிபார்க்கவோ பின் தேவையே இல்லை. கணக்கு இருப்பைப் பார்ப்பதைத் தவிர வேறெதற்குப் பின் கேட்டாலும், உங்கள் கணக்கிலிருந்து ஏதோ போகிறது என்று அர்த்தம். யுபிஐ செயலியில் ஆட்டோபே அல்லது மேண்டேட் என்ற பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள், ரத்தான திரையை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதையும் வங்கிக் கடிதத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். நீங்களே பின் போட்டு அனுமதித்ததால், ‘என் அனுமதியில்லாமல் எடுத்தார்கள்’ என்று வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்பது எடுபடாது. அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். ‘நான் கையெழுத்தே போடவில்லையே’ என்று வாதாடாதீர்கள். வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். மின்னணு வழியில் செய்ததும் செல்லும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் 10ஏ பிரிவு சொல்கிறது. உங்கள் ‘ஓகே’யைக் காட்டி அவர்கள் பேச இடமிருக்கிறது. உங்கள் பலம், அந்த ஓகே எப்படி வாங்கப்பட்டது என்பதில். கூகுளிலிருந்து பேசாத ஒருவர், தெரிந்தே அப்படிச் சொன்னது 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி வஞ்சகம். வஞ்சகத்தால் பெற்ற சம்மதத்தை 19-வது பிரிவுப்படி நீங்கள் ரத்து செய்யலாம். ‘பிடிஎஃபைப் படித்திருந்தால் தெரிந்திருக்குமே’ என்பார்கள். 19-வது பிரிவில் உள்ள அந்த விதிவிலக்கு, பொய் என்று தெரியாமல் சொன்ன தவறான தகவலுக்கும் மௌனத்துக்கும்தான் பொருந்தும்; வாய்விட்டுச் சொன்ன பொய்க்குப் பொருந்தாது. தவிர, கூகுள் மேப்பில் கடையைச் சேர்ப்பதற்கும் சரிபார்ப்பதற்கும் கட்டணமே கிடையாது. உத்யம் பதிவும் ஜிஎஸ்டி பதிவும்கூட இலவசம்தான்.

ஆனால் ரத்து தானாக நடக்காது, நீங்கள் சொல்ல வேண்டும். ஒரு முன்மொழிவை எந்த முறையில் தெரிவிக்கலாமோ அதே முறையில் ரத்தையும் தெரிவிக்கலாம் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 66-வது பிரிவு. எனவே அதே வாட்ஸ்அப் எண், அவர்கள் மின்னஞ்சல், நோட்டீஸ் அனுப்பிய வக்கீலுக்கு ஸ்பீடு போஸ்ட் என மூன்றிலும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் நல்லது. அதில் வர வேண்டியவை: எந்தத் தேதி, எந்த எண்ணிலிருந்து, யாரென்று சொல்லிப் பேசினார்கள், அது பொய் என்று தெரிந்ததால் ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன், என் கடையின் பெயரையும் படங்களையும் உங்கள் தளத்திலிருந்து நீக்குங்கள், 11,800 ரூபாயையும் செக்கையும் திருப்பிக் கொடுங்கள், தொலைபேசி உரையாடலின் முழுப் பதிவையும் தாருங்கள். இந்த ஒலிப்பதிவைக் கேட்பது முக்கியம். பெரும்பாலும் நீங்கள் ‘ஆமாம்’ சொன்ன பத்து விநாடியை மட்டும் வெட்டி அனுப்புவார்கள். அதற்கு முன்னால் என்ன சொன்னார்கள் என்பது அதில் இருக்காது.

கடிதத்தில் எழுதக் கூடாதது ஒன்று: “இப்போது பணம் இல்லை, அடுத்த மாதம் பார்க்கிறேன்.” நல்லெண்ணத்தில் பலர் இப்படி எழுதுகிறார்கள். கடனை நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். ‘செட்டில்மென்டாக 10,000 போதும்’ என்று இறங்கி வந்தாலும் கட்டாதீர்கள். உங்கள் கடைக்காக அவர்கள் தரும் இணையப் பக்கத்தில் ஏதாவது மாற்றச் சொல்லியும் கேட்காதீர்கள். சேவையைப் பயன்படுத்தினால் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்படும்.

ஒருவேளை ஒப்பந்தம் செல்லும் என்றே நீதிமன்றம் சொன்னாலும், எழுதியிருக்கிறது என்பதற்காக 59,000-ஐயும் அப்படியே தூக்கிக் கொடுத்துவிடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி நியாயமான இழப்பீடு மட்டும்தான். பிடிஎஃபில் உள்ள தொகை அதற்கு மேல்வரம்பு. பிடிஎஃபில் டெல்லி நடுவர் மன்றம் (நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்க்கும் முறை), நடுவரை நிறுவனமே நியமிக்கும் என்ற வரி இருக்கிறதா பாருங்கள். ஒரு தரப்பு தானாகத் தனி நடுவரை நியமிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொன்னது, 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் அதை உறுதி செய்தது.

போலீஸ் புகார் கொடுங்கள். சைபர் மோசடி உதவி எண் 1930-லும் தேசிய சைபர் குற்றத் தளத்திலும் பதிவு செய்யுங்கள். பணம் போன சில மணி நேரத்தில் 1930-ஐ அழைத்திருந்தால் எதிர்த்தரப்புக் கணக்கை முடக்கியிருக்க வாய்ப்பு இருந்தது. இப்போது அது கடினம். ஆனாலும் தேதியிட்ட புகார், நாளைக்கு செக் வழக்கு வந்தால் உங்களுக்குச் சாட்சியாக நிற்கும். புகாரில் ‘விளம்பரம் சரியாகச் செய்யவில்லை’ என்று எழுதினால் ஸ்டேஷனில் ‘சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்கள்’ என்று சொல்லிவிடுவார்கள். வேறொரு நிறுவனமாக ஆள்மாறாட்டம் செய்து பணமும் செக்கும் வாங்கினார்கள் என்று தொடங்குங்கள். பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 318, 319 பிரிவுகளும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவும் அப்போதுதான் பொருந்தும். உங்கள் யுபிஐ ரசீதில் உள்ள பெயர், பில்லில் உள்ள பெயர், நோட்டீஸில் உள்ள பெயர் மூன்றையும் ஒப்பிடுங்கள். பில்லில் இருக்கும் ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் பதிவு யார் பெயரில், எந்தத் தேதியில், இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். மூன்றும் மூன்று பெயராக இருந்தால் புகாரின் முதல் பத்தியே அதுதான்.

வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனை மாற்றவும் வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. நீதிமன்றத்தில் கொடுக்கும்போது பாரதிய சாக்ஷிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் வேண்டும், அதற்கு மூலக் கருவி கையில் இருப்பது நல்லது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று பலர் கேட்பார்கள். உங்கள் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இந்த இரண்டும் சாதகம். ஆனால் தொழிலுக்காகப் பெற்ற சேவை என்பதால், நீங்கள் ‘நுகர்வோரே’ இல்லை என்ற ஆட்சேபம் முதல் நாளே வரும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர்களுக்கான விலக்கு, வாங்கிய பொருள்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது; சேவைகளைப் பற்றி இல்லை. அதை நம்பி மட்டும் உட்கார்ந்திருக்காதீர்கள்.

இனி வரும் அழைப்புகளுக்கு: விளம்பர அழைப்புகள் 140-ல் தொடங்கும் எண்களிலிருந்து வர வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. சாதாரண 10 இலக்க மொபைலிலிருந்து வியாபாரம் பேசினால் 7 நாளுக்குள் 1909-ல் புகார் செய்யலாம். மோசடி என்று தோன்றினால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தின் சக்ஷு பகுதியில் தெரிவிக்கலாம். போனில் ‘ஆமாம்’, ‘சரி’ எதுவும் வேண்டாம். “எழுத்தில் அனுப்புங்கள், நான் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால்தான் ஒப்பந்தம்” என்று சொல்லி வைத்துவிடுங்கள். கேட்காத சேவைக்கு ‘புதுப்பித்தல்’ என்று பில் வந்தால், பதில் போடாமல் இருந்ததே சம்மதம் ஆகாது. அதோடு, அடுத்த சில வாரங்களில் ‘நுகர்வோர் நீதிமன்றத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் ஒப்பந்தத்தை ரத்து செய்து தருகிறோம், 3,000 கட்டுங்கள்’ என்று ஒரு அழைப்பு வரக்கூடும். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறும். எந்த நீதிமன்றமும் போனில் பணம் கேட்காது.

பதில் கடிதத்தை எழுத வக்கீல் வைக்க வசதியில்லை என்றால், ஈரோடு நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். தொலைபேசி எண் 15100. போகும்போது நோட்டீஸ் வந்த உறையையும் எடுத்துப் போங்கள். கெடு எந்த நாளில் தொடங்கியது என்பதற்கு அதன் மேலுள்ள தபால் முத்திரைதான் ஆதாரம்.