சிங்கப்பூர் கேட்பது ஒன்று, திருச்சி கேட்பது வேறொன்று

கேள்வி: நாங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். நான், மனைவி, அம்மா, 10 வயது மகன் என நான்கு பேரும் அண்ணன் வீட்டு விசேஷத்துக்காகத் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகிறோம். 3 ஆண்டுகளுக்கு முன் ஊருக்கு வந்த அண்ணன், 4,500 சிங்கப்பூர் டாலரை ரொக்கமாக என்னிடம் அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனார். அது பீரோவில் அப்படியே இருக்கிறது. இன்னும் 3,000 அமெரிக்க டாலர் தேவைப்படுகிறது. ஊரில் தெரிந்த நகைக்கடைக்காரர் பில் இல்லாமல் நல்ல விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். அங்கே போய் மாற்றிக்கொள்ள 1 லட்சம் ரூபாயும் கொண்டுபோக நினைக்கிறோம். பக்கத்துத் தெருக்காரர் தன் மகனிடம் சேர்க்கச் சொல்லி ஒரு கவரில் டாலர் தருகிறார். சிங்கப்பூரில் 20,000 டாலர் வரை எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்கிறார்கள். அப்படியானால் பயப்பட ஒன்றும் இல்லைதானே?

பதில்: சிங்கப்பூரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது சரி. ஆனால் நீங்கள் சொன்னபடியே கிளம்பினால், சிங்கப்பூர் மண்ணை மிதிக்கும் முன்பே திருச்சி விமான நிலையத்தில் பணம் பறிமுதலாக வாய்ப்பிருக்கிறது. சிங்கப்பூர் கேட்பது "எவ்வளவு கொண்டுவருகிறாய்" என்று. இந்தியாவை விட்டுக் கிளம்பும்போது கஸ்டம்ஸ் கேட்பது "இது எங்கே வாங்கியது" என்று. இரண்டாவது கேள்விக்குக் காகிதம்தான் பதில்.

அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், 1999இன் கீழ் ரிசர்வ் வங்கி 2015இல் வெளியிட்ட நாணய ஏற்றுமதி, இறக்குமதி ஒழுங்குமுறைகள் வெளிநாட்டு நாணயத்தை இந்தியாவுக்கு வெளியே கொண்டுபோவதைப் பொதுவாகத் தடுக்கின்றன. பிறகு சில வழிகளில் மட்டும் அனுமதிக்கின்றன. உங்களுக்குப் பொருந்துபவை இரண்டு. ஒன்று, உரிமம் பெற்ற வங்கி அல்லது மணி சேஞ்சரிடம் வாங்கிய நாணயம். மற்றது, சட்டப்படி உங்கள் கைவசம் வைத்திருக்க அனுமதியுள்ள நாணயம். இந்த இரண்டிலும் சேராத 500 டாலர்கூட சட்டப்படி 'தடை செய்யப்பட்ட சரக்கு' ஆகிவிடும். தொகை சிறியது என்பதால் விட்டுவிடுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள்.

முதலில் பீரோவில் இருக்கும் பணம். வெளிநாட்டில் வசிப்பவர் இந்தியா வந்தபோது அன்பளிப்பாகத் தந்த வெளிநாட்டு நோட்டுகளை இந்தியாவில் வசிப்பவர் வைத்திருக்கலாம். ஆனால் எல்லா வகையிலும் சேர்த்து ஒருவருக்கு 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரைதான். சிங்கப்பூர் டாலரில் அது ஏறத்தாழ 2,600. அதற்கு மேற்பட்டதை 180 நாட்களுக்குள் வங்கியிலோ மணி சேஞ்சரிடமோ விற்றிருக்க வேண்டும். ஆக, உங்களிடம் சுமார் 1,900 சிங்கப்பூர் டாலர் அதிகமாக இருக்கிறது, கெடுவும் கடந்துவிட்டது. இதற்காக மிரள வேண்டாம். அந்தச் சட்டத்தின் கீழ் வருவது அபராத நடவடிக்கைதான், சிறை வழக்கு அல்ல. தாமதமாகவேனும் முறையாக விற்றுவிட்டவரின் நிலை, அதே பணத்தோடு விமான நிலையத்தில் நிற்பவரின் நிலையைவிட எவ்வளவோ மேல்.

செய்ய வேண்டியது இதுதான். அதிகப்படியான நோட்டுகளை இந்த வாரமே உரிமம் பெற்ற மணி சேஞ்சரிடம் விற்று, ரூபாயை வங்கிக் கணக்கில் வாங்குங்கள். நாணயத்தை விற்றதற்கான சான்றான 'என்கேஷ்மென்ட் சர்டிஃபிகேட்' கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மீதியை நீங்கள் கொண்டுபோகலாம். அதற்கு ஆதாரமாக, எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தார் என்று அண்ணனிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். அப்போது அவர் இந்தியா வந்து போனதைக் காட்டும் பாஸ்போர்ட் முத்திரைப் பக்கங்களின் நகலையும், அவருடைய வேலை அனுமதி நகலையும் அதோடு வையுங்கள். பாதியை மனைவிக்குக் கொடுத்ததாக இப்போது எழுதி இரண்டு பேர் கணக்கில் காட்டலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். நடக்காததை எழுதாதீர்கள். கஸ்டம்ஸ் உங்களையும் மனைவியையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டால் அது இரண்டே கேள்விகளில் உடையும். உண்மையான பகுதியும் அதோடு சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இன்னொன்றும் பாருங்கள். அந்தக் கட்டில் 1,000 டாலர் நோட்டு இருக்கிறதா? சிங்கப்பூர் 2021 ஜனவரியிலிருந்து அதை வெளியிடுவதை நிறுத்திவிட்டது. செல்லும் நோட்டுதான் என்றாலும் சில்லறைக் கடைகளில் வாங்கத் தயங்குவார்கள். அங்கே வங்கியில் மாற்றிக்கொள்ளலாம், அல்லது இங்கே விற்கும் பகுதியில் அதைச் சேர்த்துவிடலாம்.

அண்ணன் அப்போது விமான நிலையத்தில் அறிவிக்காமல் கொண்டுவந்தது தவறா என்ற கவலை வேண்டாம். இந்தியாவுக்குள் எவ்வளவு வெளிநாட்டு நாணயமும் கொண்டுவரலாம். நோட்டாக 5,000 அமெரிக்க டாலருக்கு மேல் இருந்தால், அல்லது நோட்டும் டிராவலர்ஸ் செக்கும் சேர்ந்து 10,000ஐத் தாண்டினால் மட்டுமே நாணய அறிவிப்புப் படிவம் தர வேண்டும். 4,500 சிங்கப்பூர் டாலர் அந்த வரம்புக்குள்தான் வருகிறது.

அடுத்து நகைக்கடைக்காரரின் டாலர். இதை அடியோடு விட்டுவிடுங்கள். உரிமம் இல்லாதவரிடம் வெளிநாட்டு நாணயம் வாங்குவது அந்நியச் செலாவணிச் சட்டத்தின் 3ஆம் பிரிவை மீறுவது. விற்றவர் மட்டுமல்ல, வாங்கிய நீங்களும் மீறியவர்தான். 13ஆம் பிரிவின்படி தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். பில் போட்டால் வரி அதிகம் என்று பயந்து இந்த வழிக்குப் போகிறவர்கள் கணக்கைப் பார்ப்பதே இல்லை. நாணய மாற்றில் ஜி.எஸ்.டி. முழுத் தொகைக்கும் கிடையாது. வழக்கமான முறைப்படி முதல் 1 லட்சத்துக்கு 1 சதவீதமும், அதற்கு மேல் 10 லட்சம் வரை அரை சதவீதமும்தான் வரிக்குரிய மதிப்பு. அதன்மேல் 18 சதவீதம். 2.5 லட்சம் ரூபாய்க்கு டாலர் வாங்கினால் வரி 315 ரூபாய். அவ்வளவுதான். ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்குள் நிற்பதால் வாங்கும்போதே வசூலிக்கும் டி.சி.எஸ். என்ற வருமான வரி முன்பிடிப்பும் உங்களுக்கு வராது.

முறையாக வாங்க பாஸ்போர்ட், விசா, டிக்கெட், பான் அட்டை நான்கையும் கொண்டுபோங்கள். வெளிநாட்டு நாணயம் வாங்குவதற்கான 'ஏ2' படிவத்தில் கையெழுத்திட வேண்டும். மகனுக்கு வாங்கினால் காப்பாளராக நீங்கள் கையெழுத்திட வேண்டும். கடையில் ரிசர்வ் வங்கி உரிமம் கண்ணில் படும்படி மாட்டியிருக்கும், அதில் உள்ள பெயரும் பில்லில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். ரூபாயை ரொக்கமாகத் தந்து வாங்குவது 50,000 வரைதான், அதற்கு மேல் வங்கிவழிதான். ஒரு பயணத்துக்கு ஒருவர் நோட்டாக வாங்கக்கூடியது 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு. ஈராக், ஈரான், ரஷ்யா போன்ற சில நாடுகளுக்கும் ஹஜ் பயணத்துக்கும் விதி வேறு. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃபாரக்ஸ் கார்டில் ஏற்றிக்கொள்ளலாம். சிங்கப்பூர் போகிறவர் அமெரிக்க டாலர் வாங்கி அங்கே மறுபடி மாற்றினால் இரண்டு முறை நஷ்டம். நேராகச் சிங்கப்பூர் டாலரே கேளுங்கள். வாங்கிய 60 நாட்களுக்குள் பயணம் அமையவில்லை என்றால் திருப்பி விற்க வேண்டும் என்பதால், மிக முன்கூட்டியே வாங்க வேண்டாம்.

ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் தனித்தனி பில் போடச் சொல்லுங்கள். நான்கு பேருக்குமான பணம் ஒரே கைப்பையில், பில் மட்டும் அப்பா பெயரில் என்று இருப்பதுதான் குடும்பங்கள் மாட்டிக்கொள்ளும் இடம். எக்ஸ்ரேயில் நோட்டுக்கட்டு தெரிந்ததும் பாதுகாப்புப் படையினர் கஸ்டம்ஸை அழைப்பார்கள். கைப்பற்றிய விவரத்தைச் சாட்சிகள் முன் எழுதும் மஹஜரில் அந்தப் பையை வைத்திருந்தவர் பெயர்தான் ஏறும். பணத்தையும் பில்லையும் அவரவர் பாஸ்போர்ட்டோடு அவரவர் பையில் வையுங்கள். குழந்தையின் பணம் உங்களிடம் இருந்தால் அவன் பெயரிலுள்ள பில் அந்த நோட்டுகளோடேயே இருக்கட்டும்.

ரூபாய் நோட்டுக்கு வரம்பு ஒருவருக்கு 25,000. போகும்போதும் அதுவே, திரும்பும்போதும் அதுவே. நான்கு பேர் ஆளுக்கு 25,000 வைத்திருந்தால் 1 லட்சம் சட்டப்படி சரி. ஒருவர் கையில் 1 லட்சம் இருந்தால் 75,000 பறிமுதலுக்கு உரியது. என் யோசனை, ரூபாயை அங்கே மாற்றும் திட்டமே வேண்டாம். லிட்டில் இந்தியாவில் ரூபாய் வாங்கும் கடைகள் இருக்கின்றன, ஆனால் விலை அடிபடும். திரும்பி வந்தபின் திருச்சியிலிருந்து ஊருக்குக் கார் வாடகைக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 2,000 ரூபாய் நோட்டு 2023 மே மாதத்தில் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதை அங்கே யார் தலையிலும் கட்ட முடியாது.

இனி சிங்கப்பூர். ரொக்கமும், கொண்டுவருபவருக்கே பணம் தரும் காசோலை போன்ற ஆவணங்களும் சேர்ந்து 20,000 சிங்கப்பூர் டாலரைத் தாண்டினால் அறிவிக்க வேண்டும். எந்த நாட்டு நாணயமாக இருந்தாலும் மதிப்பைக் கூட்டித்தான் பார்ப்பார்கள், ஆனால் கார்டில் உள்ள பணம் கணக்கில் வராது. அறிவித்தால் வரி எதுவும் இல்லை. 2024 மே முதல் இந்த அறிவிப்பை சிங்கப்பூர் காவல்துறையின் இணையதளத்திலேயே பயணத்துக்கு முன் கொடுத்துவிடலாம். எல்லோரும் நிரப்பும் வருகை அட்டை இதற்கு ஈடாகாது. அறிவிக்காமல் பிடிபட்டால் 50,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வெளியேறும்போதும் இதே விதிதான். நீங்கள் சொல்லும் தொகைகள் இந்த வரம்பை நெருங்கவே இல்லை. போகும் வழியில் மலேசியாவுக்கும் போவதாக இருந்தால் கணக்கு மாறும்: அங்கே 10,000 அமெரிக்க டாலர் மதிப்பைத் தாண்டினாலே அறிவிக்க வேண்டும்.

பக்கத்துத் தெருக்காரரின் கவரை வாங்காதீர்கள். உறவு கெடுமே என்று தயங்குவீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பணத்துக்கு உங்கள் பெயரில் பில் இருக்காது, கைவச அனுமதியும் உங்களுக்கு இல்லை. "இது என்னுடையது அல்ல, ஒருவர் கொடுத்தனுப்பினார்" என்று சொன்ன கணமே உங்களைக் குருவி, அதாவது பிறருக்காகக் கடத்துபவர், என்று எழுதுவார்கள். அந்த வார்த்தை வாக்குமூலத்தில் ஏறிவிட்டால், உங்கள் சொந்தப் பணத்துக்கும் விடுவிப்புக் கேட்பது கடினமாகிவிடும். மகன் அங்கே படிக்கிறார் அல்லது வசிக்கிறார் என்றால், தெருக்காரரே தன் வங்கி மூலம் ஆண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். அதைச் சொல்லி மறுத்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் திருச்சியில் நிறுத்தினால்: பில்லையும் அண்ணன் கடிதத்தையும் அங்கேயே கொடுத்து, கொடுத்த விவரம் மஹஜரில் எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். நோட்டுகளை உங்கள் எதிரில் எண்ண வேண்டும். எந்த நாட்டு நாணயம், எந்த மதிப்பு நோட்டு, எத்தனை என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். "வெளிநாட்டு நாணயம் ஒரு கட்டு" என்று இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். மஹஜர் நகல் வாங்காமல் நகராதீர்கள். சுங்கச் சட்டம் 108ஆம் பிரிவின்படி எடுக்கும் வாக்குமூலம் சான்றாக நிற்கும். ஆங்கிலத்தில் அவர்கள் எழுதியதில் கையெழுத்திடுவதைவிடத் தமிழில் உங்கள் கையாலேயே எழுதிக் கொடுப்பது நல்லது. மிரட்டி எழுதி வாங்கியிருந்தால் மறுநாளே பதிவுத் தபாலில் மறுப்பு அனுப்புங்கள். மாதக்கணக்கில் தாமதித்து வரும் மறுப்புக்கு மதிப்புக் குறைவு.

"ஷோகாஸ் நோட்டீஸ் (ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்கும் அறிவிப்பு) வேண்டாம், நேரடி விசாரணையும் வேண்டாம்" என்று அச்சிட்ட தாளை நீட்டுவார்கள். சீக்கிரம் முடியும் என்று அதில் கையெழுத்திடாதீர்கள். அப்படி அச்சிட்ட படிவத்தில் வாங்கும் கையெழுத்து செல்லாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2025இல் பயணிகளின் தங்க நகை வழக்குகளில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் கையெழுத்திட்டுவிட்டு நீதிமன்றம் வரை போய் அதை மீட்பதைவிட, கையெழுத்திடாமல் இருப்பது எளிது. பணம் கைப்பற்றிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் நோட்டீஸ் தர வேண்டும். ஆணையர் காரணம் எழுதி இன்னும் 6 மாதம் நீட்டிக்கலாம். அதற்குள்ளும் தராவிட்டால் பணத்தை யாரிடமிருந்து எடுத்தார்களோ அவரிடமே திருப்பித் தர வேண்டும்.

நோட்டீஸ் வந்தால் பதிலில், சுங்கச் சட்டம் 125ஆம் பிரிவின்படி மீட்புத் தொகை கட்டி விடுவிக்கக் கோருங்கள். தடை செய்யப்பட்ட சரக்கு என்றால் அதை அனுமதிப்பது அதிகாரியின் விருப்பம். அங்கேதான் பில்லும் கடிதமும் மறைக்காமல் கொண்டுபோன விதமும் கைகொடுக்கும். சோப்புப் பெட்டிக்குள்ளும் பெட்டியின் உள்துணிக்குப் பின்னாலும் வைத்தவருக்கு அந்த விருப்பம் சாதகமாகத் திரும்புவது அரிது. அதே சட்டத்தின் 114ஆம் பிரிவின் தனி அபராதம் மதிப்பைப் போல மூன்று மடங்கு வரை போகலாம். உத்தரவு பாதகமாக வந்தால் மேல்முறையீட்டு ஆணையரிடம் மேல்முறையீடு செய்ய 60 நாள். பயணிகள் உடைமை வழக்கு என்பதால் அதற்கு அடுத்தபடி தீர்ப்பாயம் அல்ல, மத்திய அரசிடம் 3 மாதத்துக்குள் மறுஆய்வு மனு. உத்தரவு தபாலில் வந்த தேதியை அந்த உறையின் மேலேயே எழுதி, உறையையும் பத்திரப்படுத்துங்கள். கெடு ஓடத் தொடங்குவது அன்றிலிருந்துதான்.